கௌஸ் மைதீன் ஏறாத வண்டிகள்

பொன்னேரி ஸ்டேஷனில் கௌஸ் மைதீன் ஏறாமல் விட்ட வண்டிகளை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் அந்த வரிசை எண்ணூர் வரைக்கும் போகும் என்று அக்தர் பேகம் சொல்வாள். அதில் பாதி கேலி, பாதி உண்மை. பழவேற்காட்டுக்காரர்கள் மெட்ராசுக்குப் போக வேண்டுமென்றால் பொன்னேரிக்கு பஸ் பிடிப்பார்கள், வருகிற மின்சார ரயிலில் ஏறுவார்கள், போய்ச் சேர்வார்கள். அவள் கணவர் அப்படியல்ல. தூரத்தில் வண்டியின் முகம் தெரியும்போதே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். ஜனம் முண்டியடித்துக்கொண்டு ஏறும். அவர் நகர மாட்டார்.

"இது வாணாம். அடுத்தது நல்லா இருக்கும்."

கல்யாணம் முடிந்த மறுவாரம் அவளை முதல்முறையாக மெட்ராசுக்குக் கூட்டிப்போனபோதே இதைத்தான் செய்தார். புதுச் சேலையும் வெள்ளைத் துப்பட்டியுமாக வெயிலில் நிற்கவைத்து, காலியாக வந்த வண்டியைக் கண்ணெதிரே போகவிட்டார். பின்னால் ஒன்று வருகிறதாம், புதிதாகப் பெயிண்ட் அடித்ததாம், அதில் ஜன்னல் ஷட்டர் கையைக் கடிக்காமல் ஏறி இறங்குமாம். அக்தருக்கு ரயிலில் வகை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அழுகை வந்தது. இப்படி ஒரு ஆளிடமா வாப்பா நம்மைக் கொடுத்தார் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம் பழகிவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஆளின் பேச்சைக் கேட்டால் எதுதான் பழகாது. சோறு போடும்போது ரயில், துணி மடிக்கும்போது ரயில். அவள் 'உம்' கொட்டிக்கொண்டே வேறு எதையோ நினைத்துக்கொண்டிருப்பாள்.

கௌஸ் மைதீனுக்குத் தொழில் ஏலம். ஏரிக்கரையில் படகுகள் வந்து சேர்ந்ததும் இறால் கூடையையும் நண்டுக் கூடையையும் சிமெண்டுத் தரையில் கவிழ்த்து, சுற்றி நிற்கிற வியாபாரிகளிடம் விலை கேட்டு ஏற்றுகிற வேலை. அவர் குரல் எடுத்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் பசியாவரத்தில் கேட்கும் என்பார்கள். இளம் வயதில் அவரே நண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குப் போய்வந்தவர். அந்த நாளில் பிடித்த ரயில் பைத்தியம் ஏலத்துக்கு வந்தபிறகும் விடவில்லை.

குரல் முதலில் லேசாகக் கம்மியது. ஆடிக் காற்று, தூசி, சளி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மிளகுக் கஷாயம் போட்டுக்கொடுத்தாள். பனங்கற்கண்டு வாயிலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் ஏலத்தின் நடுவில், விலையை ஏற்றிக்கொண்டே போன வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. வியாபாரிகள் முதலில் சிரித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

மெட்ராசில் பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் ஒரு கட்டி. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், வாலிப வயதில் பீடி குடித்திருக்கிறார் என்கிறீர்கள், அதனால் பார்த்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா. முடிவு வரும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. முணுமுணுக்கக்கூடக் கூடாது.

அன்று முதல் வீட்டில் சத்தமில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லி எத்தனை தடவை அவரைத் திட்டியிருப்பாள். இப்போது அடுப்பில் உலை கொதிப்பது கேட்டது, சுவர்க் கடிகாரம் கேட்டது. அக்தருக்கு அது தாங்கவில்லை. அவர்கள் தெருவிலிருந்து கடைவீதிக்குப் போக டச்சுக்காரர் கல்லறையை ஒட்டித்தான் குறுக்குவழி. வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிற எலும்புக்கூடு, சின்ன வயதில் அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார்கள். இந்தப் பத்துப் பதினைந்து நாளாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. மீன் வாங்கவும் மாவு அரைக்கவும் கோட்டைமேட்டைச் சுற்றிக்கொண்டு போய்வந்தாள்.

அதைவிட ஒன்று அவளைப் பயமுறுத்தியது. கௌஸ் மைதீன் சாப்பிட்டதும் போனை எடுத்து யாராவது பிடித்துப் போட்ட ரயில் வீடியோவைப் பார்ப்பது வழக்கம். வண்டி கிளம்பும் சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதைத் தொடவில்லை. போன் ஜன்னலில் கிடந்தது.

முடிவு சொல்கிற நாளன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். வழியெல்லாம் அக்தர் பேகம் மனதுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். பொன்னேரி ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கோடியில், கூடைக்காரர்களின் பெட்டி வந்து நிற்கிற இடத்தில், எல்லம்மா ஈரக் கோணியோடு உட்கார்ந்திருந்தாள். ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வலையில்லாமல், கையாலேயே சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பம் அவளுடையது. வாரத்தில் சில நாள் பெரிய நண்டாகப் பொறுக்கிக் கட்டி மெட்ராஸ் மார்க்கெட்டுக்கு அவளே கொண்டுபோவாள்.

"இன்னா பாய், இம்மாங் காலையில?"

கௌஸ் மைதீன் தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னும் வாயத் தொறக்கலியா?" எல்லம்மா அக்தரைப் பார்த்தாள்.

"இன்னிக்குத்தான் இன்னா ஏதுனு சொல்றாங்க, எல்லம்மா."

எல்லம்மா கொஞ்ச நேரம் கோணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள். கோணிக்குள் நண்டுகள் சரசரத்தன. "அவர் இல்லாம ஏலம் ஏலமாவே இல்லக்கா. இப்ப கத்துறவன் விலைய முழுங்கி முழுங்கி சொல்றான். ஒண்ணும் விளங்க மாட்டேங்குது," என்றாள். பிறகு எழுந்து நின்று தண்டவாளத்தைப் பார்த்தாள். "எனக்குக் கூடைக்காரப் பெட்டி இருந்தா போதும். சீட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது, காலை நீட்டிக்கினு போவலாம். ஈரம் சொட்டுதுனு ஒருத்தரும் மூஞ்ச சுளிக்க மாட்டாங்க. ஆனா பாய்க்கு அதெல்லாம் பத்தாது. இது எது வருது பாய், நல்ல வண்டியா?"

வந்தது நல்ல வண்டியில்லை. அக்தருக்கே தெரிந்தது. பழையதிலும் பழையது. முகத்துப் பெயிண்ட் வெளுத்து, ஜன்னல் ஷட்டர்கள் பாதியில் சிக்கி, நிற்பதற்குள் மூன்று தரம் உலுக்கிக்கொண்டு நின்றது. இந்த மாதிரி வண்டியைப் பார்த்தால் கௌஸ் மைதீன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'ஆட்டுக்கல்லு' என்று பெயர் வைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் வண்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கதவு எதிரே வந்ததும் கம்பியைப் பிடித்து ஏறிவிட்டார்.

"இதுலயா ஏறுற பாய்?" என்று எல்லம்மா அங்கிருந்து கேட்டாள்.

டாக்டர் சந்தேகப்பட்டபோதுகூட அக்தர் பேகத்துக்கு ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. இந்த ஆட்டுக்கல்லில் அவர் ஒன்றும் சொல்லாமல் ஏறியதைப் பார்த்ததும் அது ஆட்டம் கண்டது. இந்த மனுஷன் உள்ளுக்குள் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தாரா என்பதே சந்தேகம். அனுப்பம்பட்டில் சாப்பாட்டுப் பையோடு ஒருவர் ஏறி எதிரே உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் பெயர் வேதாசலம், எண்ணூரில் ஒரு கம்பெனியில் வேலை என்று அவராகவே சொன்னார். பேச ஆள் தேடுகிற ரகம்.

அக்தர் பேகம் தெரியாதவர்களிடம் பேசுகிறவள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஒன்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று பிறகு யோசித்தும் பிடிபடவில்லை.

"ஏங்க, இந்த வண்டிக்கு எஞ்சின் முன்னாடிதான இருக்குது?" என்று வேதாசலத்திடம் கேட்டாள்.

"பின்ன? டிரைவர் உக்காந்துகினு இருக்காரே, அதாம்மா எஞ்சின். அது இஸ்துகினு போவுது, நாம பின்னாடியே போறோம்."

கௌஸ் மைதீனின் கழுத்து லேசாகத் திரும்பியது. அக்தர் அதைக் கவனித்தும் கவனிக்காதது போல இருந்தாள்.

"அதான் நானும் நெனச்சேன். இப்ப புதுசா வுட்டுருக்காங்களே வண்டி, அது பாக்கத்தான் பளபளனு இருக்குதாம். கெளம்பறதுக்கு லேட்டாவுமாம். இதுமாரி பழசுதான் சட்டுனு பிச்சிக்கினு போவுமாம்."

"கரெக்டாச் சொன்னீங்க," என்றார் வேதாசலம். "புதுசெல்லாம் சும்மா ஷோம்மா. பழசுதான் கெட்டி."

கௌஸ் மைதீன் முழுசாகத் திரும்பினார். முதலில் அக்தரை ஒரு பார்வை. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தது எல்லாம் இதற்குத்தானா என்கிற பார்வை. பிறகு வேதாசலத்துக்கு நேராக இரண்டு கையையும் தூக்கினார். வலது கை முஷ்டியை வெட்டி வெட்டி முன்னால் தள்ளினார், பழைய வண்டி கிளம்புவது அப்படி. பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரே வீச்சில் வழுக்கிக்கொண்டு மேலே ஏற்றினார், புது வண்டி அப்படி.

வேதாசலம் பயந்து பையை மடியில் இழுத்துக்கொண்டார். "இன்னா சொல்றாரு? ஏரோப்ளேனா?"

கௌஸ் மைதீன் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி முஷ்டி, மறுபடி உள்ளங்கை. பெட்டியின் தரையைக் காலால் தட்டினார், கீழே பார் என்றார், விரலைச் சுழற்றினார். பக்கத்துச் சீட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வேதாசலம் பாவமாக அக்தரைப் பார்த்து, "மோட்டார்னா முன்னாடிதான் பாய்," என்றார்.

கௌஸ் மைதீனுக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்துவிட்டார். தொண்டை அசைந்து முதல் எழுத்து கிளம்புவதற்குள் அக்தர் பேகம் எழுந்து அவர் வாயைப் பொத்தினாள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரில் அவள் அவரைத் தொட்டது கிடையாது. தாடி உள்ளங்கையில் குத்தியது. மூச்சு சூடாகப் பட்டது. அவர் கண்கள் அவள் கைக்கு மேலே அகலத் திறந்திருந்தன. அந்தக் கண்களில் கோபம் இருந்தது, நல்ல கொழுந்துவிட்ட கோபம். அதைப் பார்த்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"பேசக்கூடாது. டாக்டரு சொல்லியிருக்காங்க. நீங்க கம்முனு உக்காருங்க, நான் சொல்றேன்."

அவள் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு வேதாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, நான் வேணும்னேதான் தப்பாச் சொன்னேன். இந்த வண்டிக்கு எஞ்சின்னு தனியா ஒண்ணு கிடையாது. நடுவுல நடுவுல சில பெட்டிக்கு அடியிலேயே மோட்டார் இருக்குது. எல்லாம் சேர்ந்துதான் இஸ்துகினு போவுது. எங்க ஊருல பெரிய வலை இழுக்கறாப்ல. ஒருத்தன் முன்னாடி நின்னு இழுத்தா வலை வராது, கயித்துல வரிசையா அங்கங்க நின்னு எல்லாரும் ஒரே நேரத்துல கை போடணும். அதனாலதான் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்னாலும் ஒடனே கெளம்பிடுது. எக்ஸ்பிரஸ் வண்டிய இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லுங்க, பாப்போம்."

சொல்லச் சொல்ல அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. 'உம்' கொட்டிக்கொண்டு சாம்பாரை நினைத்துக்கொண்டிருந்தாளே, இவை எல்லாம் எப்போது உள்ளே போயின?

"பழசுல ஆட்டம் ஜாஸ்தி. படி படியாத்தான் கரண்ட் ஏறும், ஒவ்வொரு படிக்கும் ஒரு வெட்டு. ஆனா அதுல கதவாண்ட நிக்கிற கம்பி இருக்குது பாருங்க, அது நல்ல உருண்டை, கைக்கு அடக்கம். அத்திப்பட்டுப் பக்கம் காத்து அடிக்கும்போது அந்தக் கம்பியப் புடிச்சிக்கினு நின்னா அதுவே சொர்க்கம்னுவாரு இவரு. புதுசுல வெட்டு கிடையாது. கெளம்பும்போது அடியில ஒரு பாட்டு பாடும். கீழ இருந்து மேல ஏறும் சத்தம், கேட்டிருப்பீங்க. பிரேக் போட்டா அது சும்மா தேஞ்சி வீணாப் போவாது, கரண்டா மாறித் திரும்ப மேல கம்பிக்கே போயிடும். பின்னாடி வர்ற வண்டிக்கு அது ஆவும்."

கௌஸ் மைதீன் விரலை உயர்த்தினார். ஏதோ விட்டுப்போயிற்று.

"இன்னா? ... மெமுவா?" அவர் தலையசைத்தார். "ஆங், மெமு. சூலூர்பேட்டை, நெல்லூர்னு தூரமாப் போவுதே, அது. அதுவும் இதே சாதிதான், ஆனா அதுல பாத்ரூம் உண்டு. புள்ளங்களக் கூட்டிக்கினு போறப்ப அதுலதான் போவணும்னு சொல்லிட்டாரு. எங்க ஜைனம்பு சின்னப் புள்ளைல எங்கயாவது போறதுனா நாங்க மெமுக்காகவே காத்துகினு கிடப்போம். இப்ப தாம்பரம் பக்கம் ஏசி வண்டி ஓடுதாம். கதவு தானா மூடிக்குமாம். அது இவருக்குப் புடிக்காது. காத்து வராத வண்டில போறதுக்கு வூட்லயே உக்காந்துக்கலாம்னுவாரு."

கௌஸ் மைதீன் கையை அப்படியும் இப்படியும் ஆட்டினார். அவ்வளவு கடுமையாகச் சொல்லவில்லை, ஒருதரம் ஏறிப் பார்க்கலாம் என்று அர்த்தம். அக்தர் அதையும் வேதாசலத்துக்கு எடுத்துச் சொன்னாள்.

எண்ணூர் வந்தது. வேதாசலம் எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து கௌஸ் மைதீனின் தோளைத் தொட்டார். "இத்தினி வருஷமா இதுலதான் வந்துகினு கீறேன் பாய். அடியில மோட்டார் இருக்குதுனு ஒருத்தனும் சொல்லல. சீக்கிரம் பேசுங்க, அடுத்த தபா உங்க வாயால கேக்கறேன்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அதன் பிறகு மெட்ராஸ் வரைக்கும் கௌஸ் மைதீன் மறுபடி ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் எதிர்த் தண்டவாளத்தில் வண்டி வரும்போதெல்லாம் தலை அதனோடு சேர்ந்து திரும்பியது. அக்தர் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் கூட்டம். மறுபடி தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். பெயரைக் கூப்பிடும்வரை சுவரோரம் நின்றார்கள். உள்ளே போனபோது டாக்டரம்மா வேறு யாரிடமோ போனில் பேசிக்கொண்டே உட்காரச் சொன்னார். அந்தப் பேச்சு முடிகிற நேரம் அக்தருக்கு ஒரு யுகமாக இருந்தது. நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் அவர் முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா போனை வைத்தார். அக்தரைப் பார்த்துச் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. சாதாரணக் கட்டிதான். கேன்சர் இல்லை."

அக்தர் பேகம் கேட்டது சரிதானா என்று பக்கத்தில் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"இன்னொருதபா சொல்லுங்கம்மா."

"கேன்சர் இல்லை. அளவுக்கு மீறிக் கத்தினா வர்ற கட்டி. பாட்டு பாடறவங்க, வாத்தியாருங்க, இவர் மாதிரி ஏலம் போடறவங்க, இவங்களுக்கெல்லாம் வரும். எடுத்தாச்சு. காயமும் நல்லா ஆறியிருக்கு."

"அல்லாவே," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. நாற்காலியின் விளிம்பை விட்டாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. டாக்டரம்மா மேசை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தித் தள்ளினார். அவள் தான் குடிக்காமல் அதைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கி, குடிக்க மறந்து, மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு திடீரென்று கையை வாயருகே கொண்டுபோய் ஏலம் கூவுவது போலக் காட்டினார்.

"ஏலமா? போடலாம். ஆனா கத்தக்கூடாது. ஒரு மைக் வாங்கிக் கழுத்துல மாட்டிக்குங்க. இன்னிலேர்ந்து நீங்க பேசலாம். கொஞ்சமா, மெதுவா. கிசுகிசுன்னு ரகசியம் மட்டும் பேசாதீங்க, அது தொண்டைக்கு இன்னும் கெடுதல்."

அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அக்தர் கேட்டாள். "பேசலாம்னு சொல்லிட்டாங்களே. ஒரு வார்த்தை பேசுங்களேன்."

அவர் விரலை ஆட்டினார். பொறு. அவர் முகத்தில் ஒரு கூச்சம் தெரிந்தது. கட்டியை அறுத்த தொண்டையில் இப்போது எந்தக் குரல் மிச்சமிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு மனசில்லை. அக்தருக்கு அது புரிந்தது. வற்புறுத்தவில்லை. மகளுக்குப் போன் போட்டாள்.

"ஜைனம்பு, அத்தாவுக்கு ஒண்ணும் இல்லையாம். ... ஆமா, ஒண்ணும் இல்ல. அழாதடீ. நான் அழுதனா பாரு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கௌஸ் மைதீன் தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகுதான் பசி தெரிந்தது. ஸ்டேஷனுக்கு எதிரே ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டார்கள். அவர் தட்டை வழித்துவிட்டு அவள் தட்டைப் பார்த்தார். அவள் பாதியைத் தள்ளிவிட்டாள். காரம் சேர்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்க மறந்துவிட்டது நினைவு வந்தபோது சோறு தீர்ந்துபோயிருந்தது.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற வண்டிகள் நிற்கும் பிளாட்பாரத்துக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஒரு வண்டி கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் நிறைய இடம் இருந்தது. அக்தர் கதவை நோக்கிப் போனாள். முந்தானை பின்னால் இழுபட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் வண்டியின் சக்கரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அந்த வண்டி போயிற்று. பின்னால் வந்ததும் போயிற்று. அக்தர் பேகம் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். காலையிலிருந்து, ஏன், பல நாளாக, தோள்பட்டையில் இறுகியிருந்தது எதுவோ மெல்ல இளகுவது தெரிந்தது. ஆபீஸ் விட்ட கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு ஓடியது. அவர் பிளாட்பாரத்தின் ஓரத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தகப்பன் போல நின்றிருந்தார்.

"நின்னு நெதானமாப் பாருங்க," என்றாள் அவள். "இன்னும் நாலு போனாலும் போவட்டும்."

கடைசியில் வந்தது புது வண்டி. அவர் அவள் கையைப் பிடித்து ஏற்றினார். மோட்டார் இருக்கிற பெட்டியாகப் பார்த்து, ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துத் தான் எதிரே உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. அடியிலிருந்து அந்தப் பாட்டு எழுந்து ஏறியது. கௌஸ் மைதீன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். உண்மையில் நல்ல பாட்டுதான் என்று அக்தருக்கும் அன்றைக்குத் தோன்றியது. தண்டையார்பேட்டை தாண்டியது வரைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வண்டி நின்றிருந்தது. மேலே மின்விசிறிகள் சுற்றின. பெட்டியில் வேறு ஆளில்லை. எதிரே அவர் வாய் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே மஞ்சள் பலகையில் கும்மிடிப்பூண்டி என்று இருந்தது. பொன்னேரி போய்விட்டது, கவரைப்பேட்டை போய்விட்டது, வண்டி கடைசி ஸ்டேஷனுக்கே வந்துவிட்டது. ஆட்டுக்கல்லில் கண் அசராத மனுஷன் புது வண்டியின் சுகத்தில் குறட்டை விட்டிருக்கிறார்.

அக்தருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்தச் சத்தத்தில் அவர் எழுந்தார், பலகையைப் பார்த்தார், பதறி எழுந்து நின்றார்.

"உக்காருங்க, உக்காருங்க. இந்த வண்டியே திரும்பிப் போவுமில்ல. நான் போய் டிக்கெட் எடுத்தாறேன்."

கவுன்டரில் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புகையில், கையில் பையோடு டிரைவர் பிளாட்பாரத்தில் நிதானமாக நடந்துபோவதைப் பார்த்தாள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனார். வழியில் டீக்கடையில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் வண்டியின் வால் பக்கத்துச் சிவப்பு விளக்கு அணைந்து, அங்கே வெள்ளை விளக்கு எரிந்தது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கௌஸ் மைதீன் இடம் மாறி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் அந்த வெள்ளை விளக்கைத்தான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தத் திருப்பவே வாணாம்," என்றார். "பாத்தியா?"

குரல் கரகரப்பாக, மெலிந்து, வேறு யாரோ இளைத்த ஆளுடையது போல வந்தது. நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது. ஆனால் வந்தது.

அவர் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னார். "எஞ்சினக் கழட்டி, அந்தாண்ட இஸ்துகினு போய் மாட்டணும்னு ஒரு பேஜாரும் இல்ல. டிரைவரு பையத் தூக்கிக்கினு நடந்துட்டா போதும். வாலு தலையாயிடும்."

"ஆமா," என்றாள் அவள்.

வண்டி கிளம்பியது. அடியிலிருந்து எழுந்த சத்தத்தில் அவர் குரல் அமுங்கிப்போக, அவள் காதை அவர் வாயருகே கொண்டுபோக வேண்டியிருந்தது. தெரு முனையிலிருந்தே கேட்கிற குரலோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கு இது புதிது. கவரைப்பேட்டைக்கு வெளியே இருட்டில், வயல்களில் நின்ற தண்ணீர் மினுங்கியது. அவர் மோட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். மைக் வாங்கினால் எந்த மாதிரி வாங்குவது என்று சொன்னார். நடுவில் டாக்டர் கொஞ்சமாகப் பேசச் சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள். அவர் தலையசைத்துவிட்டு நிறுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தார்.

"நீ தூங்கு," என்றார் கடைசியில். "பொன்னேரி வந்தா நான் எயுப்புறேன்."

"நீங்க எயுப்பின லட்சணத்ததான் பாத்தனே," என்று சொல்லிவிட்டு அக்தர் பேகம் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். எதிர்ச் சீட்டில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் அவள் சாய்ந்திருப்பாள்.